காரில் கட்டி இழுக்கும் வீடு: ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுவந்தால் எங்கே நிறுத்துவது?

கேரவன் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் ஞாபகம் வருவது படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் நடிகர்களின் ஏசி வண்டிதான். ஆனால், வெளிநாடுகளில் கேரவன் என்பது குடும்பங்கள் விடுமுறைக்கு எடுத்துச்செல்லும் நடமாடும் வீடு. படுக்கை, சின்ன அடுப்பு, கழிப்பறை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். அந்தப் பழக்கம் மெல்ல இங்கேயும் வருகிறது. 2023இல் தமிழக அரசு வெளியிட்ட சுற்றுலாக் கொள்கை, முன்னுரிமை தரும் பிரிவுகளில் ஒன்றாகக் கேரவன் சுற்றுலாவையும் சேர்த்திருக்கிறது. கேரளம் 2021லேயே இதற்குத் தனிக் கொள்கை அறிவித்தது. அதன் முதல் கேரவன் பூங்கா 2022 பிப்ரவரியில் வாகமனில் திறக்கப்பட்டது.

திருச்சிராப்பள்ளியை எடுத்துக்கொண்டால் இதற்கான தேவை கண்கூடு. ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், சமயபுரம், மலைக்கோட்டை என்று ஒரே வட்டாரத்தில் பெரிய கோயில்கள். வைகுண்ட ஏகாதசி நாளில் ஸ்ரீரங்கத்தில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. முழங்கால் வலியுள்ள பாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு கழிப்பறை தேடி அலைவது எவ்வளவு கஷ்டம் என்பது போய்வந்தவர்களுக்குத் தெரியும். "கார்தான் இருக்கே, பின்னாடி ஒரு சின்ன வீட்டைக் கட்டி இழுத்துட்டுப் போயிடலாமே?" என்ற யோசனை வருவது இயல்பு.

இழுத்துக்கொண்டு வந்துவிடலாம். ஆனால், அதை எப்படி நிறுத்துவது? சாலையில் பிரேக் பிடித்து நிறுத்துவதும் சிக்கல். ஊருக்குள் வந்தபிறகு ஓரிடத்தில் இரவு முழுக்கப் பத்திரமாக நிறுத்தி வைப்பது அதைவிடச் சிக்கல். இரண்டுமே உயிர் சம்பந்தப்பட்ட விஷயங்கள்.

கேரவனில் என்னென்ன வகை?

பொதுவாக இரண்டு. ஒன்று, இன்ஜினும் வீடும் ஒரே வண்டியாக இருப்பது. இதை மோட்டார் கேரவன் என்கிறார்கள். வேன் அல்லது பேருந்து சேஸியின்மீது கட்டப்படும். இந்தியாவில் வாடகைக்குக் கிடைக்கும் சுற்றுலாக் கேரவன்கள் பெரும்பாலும் இந்த வகைதான். இதற்கு 'ஏஐஎஸ் 124' என்ற தனித் தரநிலையும் உண்டு.

இன்னொன்று, இன்ஜின் இல்லாத டிரெய்லர். காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்க வேண்டும். ஊர் போய்ச் சேர்ந்ததும் டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டுக் காரை மட்டும் எடுத்துக்கொண்டு சுற்றலாம். தனி இன்ஜின் இல்லாததால் விலையும் குறைவு. இதனால்தான் பலருக்கும் இதன்மேல் ஆசை. சிரமங்கள் அதிகம் இருப்பதும் இதில்தான்.

இழுப்பதில் என்ன கஷ்டம்? டிராக்டர்கள் தினமும் இழுக்கின்றனவே?

லால்குடி பக்கம் கரும்பும் நெல்லும் ஏற்றிச்செல்லும் டிராக்டர் டிரெய்லர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால், டிராக்டர் மெதுவாகப் போகும் வண்டி. இழுப்பதற்கென்றே செய்யப்பட்டது. கார் அப்படியல்ல. நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகும் கார், தன் எடையில் பாதியளவு எடையுள்ள ஒரு பெட்டியை இழுக்கும்போது நடப்பதே வேறு.

முதல் பிரச்சினை பிரேக். ஒரு கார் 1,500 கிலோ எடை, அதன் பின்னால் 700 கிலோ டிரெய்லர் என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால் மொத்தம் 2,200 கிலோவையும் காரின் நான்கு சக்கரங்களே நிறுத்த வேண்டும். 60 கி.மீ. வேகத்தில் பிரேக்கை அழுத்திய பிறகு கார் தனியாகச் சுமார் 20 மீட்டரில் நிற்குமென்றால், டிரெய்லரோடு அது ஏறக்குறைய 29 மீட்டர் ஆகும். ஓட்டுநர் சுதாரிக்க எடுத்துக்கொள்ளும் ஒரு வினாடியில் கடக்கும் 17 மீட்டர் தனி. நம் சாலைகளில் குறுக்கே வரும் டூவீலருக்கும் மாட்டுக்கும் அந்த 9 மீட்டர் பெரிய தூரம். ஐரோப்பிய நாடுகளில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம் என்பது இதனால்தான்.

இரண்டாவது, ஆட்டம். டிரெய்லரின் பின்பகுதியில் எடை கூடிவிட்டால், குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் அது வால்போல இடமும் வலமும் ஆடத் தொடங்கும். பெரிய பேருந்து ஒன்று முந்திச்செல்லும்போது தள்ளும் காற்றே இதற்குப் போதும். ஆட்டம் கூடினால் டிரெய்லர் காரையும் சேர்த்துச் சாய்த்துவிடும். அப்போது ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்புவதும் வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கப் பார்ப்பதும் ஆபத்து. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறைய விடுவதே வழி.

ஆட்டம் வராமலிருக்கக் கொக்கியின்மீது கொஞ்சம் எடை அழுந்த வேண்டும். டிரெய்லரின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் கொக்கியின்மேல் இருக்கட்டும் என்பது ஐரோப்பிய வழக்கம். அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம். 700 கிலோ டிரெய்லருக்கு 7 சதவீதம் என்றால் சுமார் 50 கிலோ. அரிசி மூட்டை, தண்ணீர்க் கேன், பேட்டரி போன்ற கனமான சாமான்களைச் சக்கரத்துக்கு நேர்மேலே, தரையோடு தரையாக வைக்க வேண்டும். பின்னால் இடம் காலியாக இருக்கிறதே என்று அங்கே அடுக்கினால் வினைதான்.

மூன்றாவது, ரிவர்ஸ். டிரெய்லர் இடப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கை முதலில் வலப்பக்கம் திருப்ப வேண்டும். அளவு மீறினால் காரும் டிரெய்லரும் கத்தரிக்கோல்போல மடங்கிக்கொள்ளும். காலி மைதானத்தில் சில நாட்கள் பழகாமல் இதைத் தெருவில் முயல முடியாது.

தேருக்கே பிரேக் போட்ட ஊர்

இழுப்பதைவிட நிறுத்துவதே கடினம் என்பது திருச்சி வட்டாரத்துக்குப் புதிய பாடமல்ல. கோயில் தேரை வடம்பிடித்து இழுக்க ஆயிரக்கணக்கானோர் வருவார்கள். ஆனால், அதை நிறுத்துவதும் மூலையில் திருப்புவதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் சிலரின் கையில்தான் இருக்கிறது. ஓடும் சக்கரத்துக்கு அருகே குனிந்து கட்டை போடுவது எவ்வளவு ஆபத்தான வேலை என்பது தேரோட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

திருவெறும்பூரில் இயங்கும் பெல் நிறுவனத்தின் திருச்சி ஆலை, கொதிகலன்களோடு நிற்காமல் கோயில் தேர்களுக்கு இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்திருக்கிறது. திருவாரூர் ஆழித்தேர் அவற்றில் புகழ்பெற்றது. நடக்கும் வேகத்தில் போகும் தேருக்கே தனி பிரேக் வேண்டுமென்றால், 80 கி.மீ. வேகத்தில் போகும் டிரெய்லருக்கு வேண்டாமா என்பதே இங்கு கேட்க வேண்டிய கேள்வி.

வேகம் விஷயத்தில் ஜெர்மனி ஓர் உதாரணம். வேகக் கட்டுப்பாடே இல்லாத பகுதிகளுக்குப் பேர்போன அதன் ஆட்டோபான் சாலைகளிலும், டிரெய்லர் இழுக்கும் காருக்குப் பொதுவான உச்ச வேகம் 80 கி.மீ.தான். சிறப்பு அனுமதி பெற்ற வண்டிகளுக்கு மட்டும் 100.

திருச்சி சாலைகளுக்கு ஒத்துவருமா?

சென்னை, மதுரை பக்கமிருந்து வரும் நான்குவழிச் சாலைவரை பெரிய சிக்கல் இல்லை. அதை விட்டு இறங்கியதும்தான் ஆரம்பிக்கும்.

சிந்தாமணியையும் மாம்பழச் சாலையையும் இணைக்கும் காவிரிப் பாலம் 1976இல் பயன்பாட்டுக்கு வந்தது. 2022 செப்டம்பரில் பராமரிப்புக்காக மூடப்பட்டு 2023 மார்ச்சில்தான் திரும்பத் திறந்தார்கள். பாலத்தின் இணைப்புப் பகுதிகள் பழுதானால் காருக்கு அது ஒரு குலுக்கல்; ஒற்றை ஆக்சில் டிரெய்லருக்கு ஒவ்வொன்றும் ஒரு குதி. சிறு டிரெய்லர்கள் பலவற்றில் வெறும் பட்டை ஸ்பிரிங் மட்டுமே இருக்கும். உள்ளே இருக்கும் அலமாரி ஆணிகளும் தண்ணீர்க் குழாய் இணைப்புகளும் தளர்வது இப்படித்தான். வேகத்தடைகளில் கொக்கியின் அடிப்பாகம் தரையில் உரசுவது இன்னொரு தொல்லை.

ஸ்ரீரங்கத்துக்குள் நுழைந்தால் நிலைமை வேறு. சுற்றுச்சுற்றாக ஏழு பிராகாரங்கள், நடுநடுவே கோபுர வாசல்கள், மூலைக்கு மூலை செங்குத்தான திருப்பம் என்று அமைந்த ஊர் அது. வீதிகள் அகலம்தான். ஆனால், இருபுறமும் வண்டிகள், கடைகள், நடந்துபோகும் பக்தர்கள் இருக்கையில் காரும் டிரெய்லருமாகப் பத்து மீட்டர் நீளத்தைத் திருப்ப முடியாது. திருவிழா நாட்களில் கார்களுக்கே உள்ளே அனுமதி கிடைப்பதில்லை. ஆகவே, டிரெய்லரோடு கோயிலை நெருங்கலாம் என்ற எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். ஊருக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு காரிலோ பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன்படி டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். எனவே பதிவும் காப்பீடும் தேவை. காரின் ஆர்.சி. புத்தகத்தையும் இன்சூரன்ஸையும் காட்டித் தப்பிக்க முடியாது.

எடையை வைத்து டிரெய்லர்களை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். 750 கிலோ வரை டி1, 3.5 டன் வரை டி2; 10 டன் வரை டி3; அதற்கு மேல் டி4. லாரிகள் இழுக்கும் பெரிய டிரெய்லர்களுக்கான விதிமுறை 'ஏஐஎஸ் 113' என்ற தரநிலையில் விரிவாக இருக்கிறது. கார் இழுக்கும் சின்ன கேரவன் டிரெய்லர் வாங்குபவர், "இந்த மாடலுக்கு வகை ஒப்புதல் சான்று இருக்கா? ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவாகுமா?" என்று எழுத்துபூர்வமாகக் கேட்டுவிட்டே முன்பணம் கொடுக்க வேண்டும். புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., சென்னையை அடுத்த ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்றவை இத்தகைய சோதனைகளைச் செய்யும் மையங்கள்.

இதில் திருச்சிக்காரர்களுக்கு ஒரு சபலம் உண்டு. பெல் ஆலையை நம்பி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் இங்கே ஏராளம். சுமார் 80 கி.மீ. தொலைவில் இருக்கும் கரூர், பஸ் பாடி கட்டுவதில் பெயர் பெற்ற ஊர். நல்ல வெல்டர் கிடைப்பது கஷ்டமே இல்லை. "நாமே ஒண்ணு அடிச்சுக்கலாம்" என்று தோன்றும். பெட்டியை அழகாகக் கட்டிவிடலாம். ஆனால், ஒப்புதல் இல்லாத வண்டிக்குப் பதிவெண் வாங்குவது பெரும்பாடு.

காரில் கொக்கி மாட்டுவதும் யோசித்துச் செய்ய வேண்டியது. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்திலிருந்து வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் இதை உறுதிசெய்தது. விதிமீறி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க 2019 திருத்தச் சட்டம் இடம்தருகிறது. எனவே, கார் தயாரித்த நிறுவனமே இழுவைக்கு அனுமதித்திருக்கிறதா, எத்தனை கிலோ வரை என்று கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் இல்லாத எடையை இழுத்து விபத்து நடந்தால், காப்பீட்டு நிறுவனத்துடன் வழக்காட வேண்டிவரும்.

வருஷம் முழுக்க நின்றால் என்ன ஆகும்?

குடும்பமாகப் பயணம் போவது ஆண்டுக்கு நாலு முறை என்று வைத்துக்கொண்டால், மீதி நாட்களெல்லாம் டிரெய்லர் வெயிலிலும் மழையிலும் நிற்கும். ஓடித் தேய்வதைவிட நின்றே கெடுகிற வண்டி இது.

கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் திருச்சி வெயிலில் டயரின் பக்கவாட்டு ரப்பர் வெடிக்கும். பட்டன் தேயாமல் புதுசுபோலத் தெரிந்தாலும் உள்ளே பலவீனமாகியிருக்கும். டயரின் பக்கத்தில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பார்த்தால் அதன் வயது தெரியும். 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் ஜாக்கி கொடுத்து, ஆக்சிலைக் கட்டைமேல் உட்கார வைத்து டயருக்குச் சுமையைக் குறைக்கலாம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு கூரை இணைப்புகள், ஜன்னல் ஓரங்கள், ஏசி பொருத்திய இடம் ஆகியவற்றின் சீலன்ட்டைப் பார்க்க வேண்டும். ஒரு சொட்டு ஒழுகினாலும் சுவருக்குள் இருக்கும் பிளைவுட் ஊறி உப்பிவிடும். வெளியே தெரிவதற்குள் உள்ளே இற்றுப்போயிருக்கும். எலி நுழைந்தால் ஒயரைக் கடிக்கும்.

சக்கர பேரிங்குக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது கிரீஸ் மாற்றுவது நல்லது. ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் சக்கர நட்டுகளை முடுக்கிப் பார்க்க வேண்டும். 50 கி.மீ. போனதும் நிறுத்தி, நடுச்சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால், ஒரு பக்கம் மட்டும் கொதிக்கிறதென்றால் பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது என்று அர்த்தம். இந்த வேலைகளுக்கு ஸ்பெஷல் சர்வீஸ் சென்டர் தேவையில்லை. டிராக்டர் டிரெய்லர் பார்க்கும் மெக்கானிக்குக்கு ஆக்சில், பேரிங், பட்டை ஸ்பிரிங் எல்லாம் அத்துப்படி. ஆனால், கேரவனுக்கே உரிய பிரேக் பாகங்கள், கழிவுத் தொட்டி வால்வு போன்றவை உள்ளூர்க் கடையில் கிடைக்காது. வாங்கும்போதே ஒரு செட் உதிரி வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இரவில் நிறுத்தும் இடம் ஏன் உயிர்ப் பிரச்சினை?

இங்கேதான் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். திருச்சியில் சித்திரை மாத இரவில் தகரப் பெட்டிக்குள் ஏசி இல்லாமல் தூங்க முடியாது. ஒரு டன் ஏசி எட்டு மணி நேரத்துக்கு விட்டுவிட்டு ஓடினாலும் ஐந்தாறு யூனிட் மின்சாரம் தேவை. 12 வோல்ட், 100 ஆம்பியர் பேட்டரி ஒன்றில் இருப்பதோ 1.2 யூனிட்தான். கூரையில் 400 வாட் சோலார் தகடு வைத்தால் நாள் முழுக்க வெயிலடித்தும் இரண்டு யூனிட் கிடைப்பதே அதிகம். அப்படியென்றால், ஒன்று வெளியிலிருந்து கரன்ட் இணைப்பு வேண்டும். அல்லது ஜெனரேட்டர் ஓட்ட வேண்டும். கரன்ட் கொடுக்க இடமில்லாத ஊரில் ஜெனரேட்டர்தான் மிச்சம்.

அது என்ன செய்யும் என்பதற்கு 2024 டிசம்பரில் கேரளத்தில் நடந்தது உதாரணம். கோழிக்கோடு மாவட்டம் வடகரை அருகே தேசிய நெடுஞ்சாலை ஓரம் நின்றிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஏசியைப் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்பது பின்னர் கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அந்த வண்டியிலேயே நடத்திய சோதனையில் உறுதியானது. இந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. தூங்குபவர் மூச்சுத் திணறி விழித்துக்கொள்வார் என்றுகூடச் சொல்ல முடியாது.

அடுத்தது காஸ். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையத்தை ஒட்டி நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டி ஒன்று தீப்பிடித்து 9 பேர் இறந்தனர். லக்னோவிலிருந்து ஆன்மிகப் பயணமாக வந்தவர்கள் அவர்கள். ரயிலிலிருந்து கழற்றித் தனியே நிறுத்திய பெட்டி அது. விதியை மீறி எடுத்துவந்த காஸ் சிலிண்டரில் டீ போட முயன்றபோது தீப்பிடித்ததாக ரயில்வே தெரிவித்தது. இழுத்து வந்து, கழற்றி, நிறுத்திய பெட்டிக்குள் குடியிருப்பது என்ற வகையில் அதுவும் ஒரு கேரவன்தான். உள்ளே அடுப்பு, மெத்தை, திரை, குறுகிய வாசல் — எல்லாம் அதே ஆபத்து. ராமேஸ்வரம் போகிற வழியில் ஸ்ரீரங்கத்தில் இறங்கி, பேருந்து ஓரமாகவே அடுப்பு பற்றவைத்துச் சமைக்கும் வடமாநில யாத்திரைக் குழுக்களுக்கும் இது பொருந்தும்.

இரண்டு சம்பவங்களுமே வண்டி ஓடும்போது நடக்கவில்லை, நின்றபோது நடந்தவை. ஒரு பிளக் பாயின்ட்டும் சமைக்கத் தனி இடமும் இருந்திருந்தால் ஜெனரேட்டருக்கும் வண்டிக்குள் சிலிண்டருக்கும் வேலையே இருந்திருக்காது. கேரவன் பூங்கா என்பது பணக்காரர்களின் சொகுசு என்று ஒதுக்கிவிட முடியாது என்பது இதனால்தான்.

தண்ணீரும் கழிவும்

ஒருவருக்கு நாளைக்கு 20 லிட்டர் என்று சிக்கனமாக வைத்தாலும் நான்கு பேருக்கு 80 லிட்டர். இரண்டு நாளைக்கு 160 லிட்டர். அதாவது 160 கிலோ கூடுதல் எடை. ஆகவே, காலித் தொட்டியோடு வந்து ஊரில் நிரப்பிக்கொள்வதே சரி. அதற்குக் குடிநீர்க் குழாய் இருக்க வேண்டும்.

சிறிய டிரெய்லர்களில் இருக்கும் கழற்றி எடுக்கும் கழிவுப் பெட்டி சுமார் 20 லிட்டர் பிடிக்கும். ஒரு குடும்பத்துக்கு ஒன்றிரண்டு நாளில் நிரம்பிவிடும். எங்கே கொட்டுவது? இருட்டியதும் வாய்க்காலிலோ காவிரிக் கரையிலோ கொட்டினால், அதே ஆற்றுத் தண்ணீரில் மறுநாள் காலையில் அம்மா மண்டபத்தில் மக்கள் முழுகுவார்கள். திருச்சியில் செப்டிக் டேங்க் லாரிகள் கழிவை இறக்குவதற்கென்று மாநகராட்சி இடங்களை ஒதுக்கியிருக்கிறது. அங்கிருந்து அது பஞ்சப்பூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அந்த ஏற்பாட்டில் கேரவன்களுக்கும் ஒரு வாய் திறந்துவிடுவது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல.

திருச்சியில் எங்கே நிறுத்தலாம்?

இரண்டு இடங்கள் இயல்பாகவே கண்ணில் படுகின்றன. ஒன்று, ஸ்ரீரங்கம் பஞ்சக்கரையில் கொள்ளிடக் கரையோரம் 2014இல் திறக்கப்பட்ட யாத்ரி நிவாஸ் சுற்றுப்புறம். பக்தர்கள் தங்க ஏற்கெனவே பழகிய இடம், கோயிலுக்கும் பக்கம். ஆனால், ஆற்றங்கரை என்பதை மறக்கக் கூடாது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. அதே மாதம் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடம் பகுதியில் 9 மதகுகள் அடித்துச்செல்லப்பட்டன. இன்ஜின் இல்லாத டிரெய்லரை வெள்ள எச்சரிக்கை வந்ததும் தானாக ஓட்டிக்கொண்டு போக முடியாது. கார் வந்து மாட்ட வேண்டும். உரிமையாளர் கோயில் வரிசையில் நின்றுகொண்டிருப்பார். எனவே, இங்கே அமைத்தால் மேட்டு நிலமும் எச்சரிக்கை ஏற்பாடும் கட்டாயம்.

இன்னொன்று, 2025இல் திறக்கப்பட்ட ஒருங்கிணைந்த பேருந்து முனையம் இருக்கும் பஞ்சப்பூர். நெடுஞ்சாலையை ஒட்டியிருப்பதால் டிரெய்லர் ஊருக்குள் நுழையவே வேண்டாம். ஸ்ரீரங்கத்துக்குத் தூரம்தான் என்றாலும் நகரப் பேருந்து வசதி உண்டு. சுத்திகரிப்பு நிலையமும் அதே பகுதியில் இருப்பது கூடுதல் வசதி.

கேரளக் கொள்கை ஒரு கேரவன் பூங்காவுக்குக் கேட்பது குறைந்தது 50 சென்ட் நிலமும் ஐந்து வண்டிகளுக்கான இடமும்தான். திருச்சியில் இதைவிடப் பெரிய நிலங்களைத் தற்காலிக வாகன நிறுத்தமாக ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒதுக்குகிறார்கள். அதில் ஒரு மூலையில் மின் இணைப்பு, குடிநீர்க் குழாய், கழிவு இறக்கும் தொட்டி, திறந்தவெளிச் சமையல் கொட்டகை, தீயணைப்பான்கள், ரிவர்ஸ் எடுக்காமலே நுழைந்து வெளியேறும் வழி ஆகிய ஆறும் இருந்தால் போதும். கேரவன் வருகிறதோ இல்லையோ, யாத்திரைப் பேருந்துகளில் வந்து சாலையோரம் சமைத்துச் சாப்பிடும் குழுக்களுக்கு இது நாளையே பயன்படும். திட்டம் போடும்போது முதலில் கணக்கில் எடுக்க வேண்டியவர்களும் அவர்கள்தான்.

வாங்கும் முன், கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

- காரின் கையேட்டில் இழுவை எடை குறிப்பிடப்பட்டிருக்கிறதா? சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றியபின் டிரெய்லரை எடைமேடையில் ஏற்றிப் பார்த்தாயிற்றா?
- டிரெய்லருக்கு வகை ஒப்புதல், பதிவெண், காப்பீடு இருக்கின்றனவா?
- தனி பிரேக் இருக்கிறதா? கொக்கி கழன்றால் பிடித்துக்கொள்ளப் பாதுகாப்புச் சங்கிலி மாட்டியிருக்கிறதா? பின்விளக்கு, இண்டிகேட்டர், பிரேக் லைட் எரிகின்றனவா?
- டயரின் வயது, காற்று, சக்கர நட்டு சரியா? டிரெய்லருக்குப் பொருந்தும் ஸ்டெப்னி தனியாக இருக்கிறதா?
- கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் காஸ் கசிவுக் கருவியும் வேலை செய்கின்றனவா? தூங்கும்போது ஜெனரேட்டர் எக்காரணம் கொண்டும் ஓடக் கூடாது.
- சிலிண்டர் நிமிர்ந்த நிலையில், வெளிக்காற்று படும் தனிப் பெட்டியில் கட்டப்பட்டிருக்கிறதா? ஓடும்போது ரெகுலேட்டர் மூடியிருக்கிறதா?
- இரவு நிறுத்தும் இடம் எது, அங்கே கரன்ட் உண்டா என்று கிளம்பும் முன்பே பேசி முடித்தாயிற்றா?

கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்ற பதில் கிடைக்காதவரை, ஸ்ரீரங்கம் போகிற குடும்பத்துக்கு வீட்டைக் கட்டி இழுப்பதைவிட முன்கூட்டியே ஓர் அறை பதிவு செய்வதே மேல். முதல்முறை பழக நினைப்பவர்கள் திருவிழா இல்லாத ஒரு வாரநாளில், மின் இணைப்பு தரச் சம்மதிக்கும் ஊருக்கு வெளியே உள்ள விடுதி வளாகம் ஒன்றில் ஓர் இரவு மட்டும் தங்கிப் பார்க்கலாம்.